கோல் அடிப்பவனும் தடுப்பவனும்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. செங்கோட்டையில் பள்ளி ஹாக்கி அணியில் சென்டர் ஃபார்வர்டாக ஆடுகிறான். சென்ற ஆண்டு அணி அடித்த கோல்களில் பெரும்பாலானவை அவன் அடித்தவை. சில வாரங்களுக்கு முன் ஓர் இறுதிப் போட்டியில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும், கோல்கீப்பராக நின்ற, எல்லைக்கு அப்பால் கேரளத்து ஆரியங்காவிலிருந்து வரும் பையனைப் பார்த்து, "உங்க ஊருக்குப் போய் ஃபுட்பால் ஆடு, இங்க வந்து எங்க உயிர ஏன் எடுக்குற" என்று எல்லோர் முன்னிலும் கத்திவிட்டான். "நான் இல்லாட்டி இந்த டீமே இல்ல" என்றும் சொன்னானாம். அதற்குப் பிறகு கோச் அவனை முதல் பதினொருவரில் சேர்ப்பதில்லை, காரணமும் சொல்லவில்லை. பணிவு வேண்டும் என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் ரொம்பவும் பணிந்து போனால் கோல் அடிக்கிற வெறி போய்விடாதா? பேசாமல் கேரளத்தில் ஏதாவது ஒரு விளையாட்டுப் பள்ளியில் சேர்த்துவிடலாமா?
– செங்கோட்டையிலிருந்து ஒரு தந்தை

பதில்:

அன்புள்ள ஐயா,

மகன் சொன்ன சொல், கோச் எடுத்த முடிவு, கேரளத்துக்கு மாற்றும் யோசனை ஆகிய மூன்றும் உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்காவிட்டால், முதலாவதைச் சரிசெய்யாமலேயே மூன்றாவதற்குத் தாவிவிடுவோம். அதற்கும் முன்னால், பணிவு வந்தால் வெறி போய்விடுமோ என்ற உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் வீட்டுக்குள் இருக்கும்வரை, நீங்கள் எவ்வளவு புத்தி சொன்னாலும் அது அரை மனதோடு சொல்லப்பட்டது என்பதைப் பையன் கண்டுபிடித்துவிடுவான்.

வெறி போகாது. எதிரணியின் 'டி'க்குள், அதாவது கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் வளைவுக்குள், பந்தோடு நுழைந்துவிட்ட ஃபார்வர்டு சுயநலக்காரனாகத்தான் இருக்க வேண்டும். 14.63 மீட்டர் ஆரம் கொண்ட அந்த வளைவுக்குள் அவன் அரை நொடி தயங்கினாலும் ஃபுல்பேக்கின் மட்டை குறுக்கே வந்துவிடும். அந்த இடத்தில் இருக்கும் பசியைக் குறைத்துக்கொள்ளும்படி விவரம் தெரிந்த எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார். ஆனால், தலா 15 நிமிடம் கொண்ட நான்கு கால் பகுதிகளாக 60 நிமிடம் நடக்கும் முழு ஆட்டத்தில், ஒரு சென்டர் ஃபார்வர்டின் மட்டையில் பந்து இருப்பது எல்லாம் சேர்த்துச் சில நிமிடங்களே. மிச்ச நேரம் முழுவதும் அவன் பந்து இல்லாமல் ஓடுகிறான், அல்லது ஓடாமல் நிற்கிறான். என் கவலை அந்த மிச்ச நேரத்தைப் பற்றியது.

ஓர் இளம் ஆட்டக்காரனுக்குத் தலைக்கனம் ஏறியிருக்கிறதா என்று அறிய, அவன் கோல் அடிப்பதை நான் பார்ப்பதில்லை. தனக்கு வந்த பாஸ் தவறிப்போன மறுநொடியில் அவன் கை எங்கே போகிறது என்று பார்ப்பேன். சிலர் மட்டையை இரு கைகளாலும் பிடித்தபடியே திரும்பி, பந்தைப் பறித்துக்கொண்டு போகிறவனைத் துரத்துவார்கள். சிலர் இரண்டு கைகளையும் அகல விரித்து, பாஸ் கொடுத்தவனைப் பார்த்து, 'என்னடா இது' என்பதுபோல் நிற்பார்கள். கையை விரித்து நிற்கும் அந்த மூன்று நான்கு நொடிகளில் எதிரணியின் தடுப்பாட்டக்காரன் தலை நிமிர்ந்து, யாருக்குத் தள்ளலாம் என்று நிதானமாகப் பார்த்துக்கொள்கிறான். இன்றைய ஹாக்கியில் எதிரணியை முதலில் நெருக்க வேண்டியவர்கள் ஃபார்வர்டுகள்தான் என்பதால், அவர்கள் நின்றுவிட்டால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் இரட்டை வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மிட்ஃபீல்டில் ஆடும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த விரித்த கைகளை இரண்டு முறை பார்த்துவிட்டால், மூன்றாவது முறை உங்கள் மகனுக்குக் கடினமான பாஸைக் கொடுக்க மாட்டான். தடுப்பாட்டக்காரர்கள் இருவருக்கு நடுவே ஊசி நுழைகிற இடைவெளியில் தள்ளினால் கோல் கிடைக்கலாம். தவறினால் எல்லோர் எதிரிலும் அவமானம். எதற்கு வம்பு என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். யாரும் யாரோடும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் சென்டர் ஃபார்வர்டுக்கு வரும் நல்ல பந்துகள் மட்டும் குறைந்துகொண்டே போகும். கோல் குறைந்ததும் வீட்டில், பொறாமையால் பசங்கள் பாஸ் தருவதில்லை என்று பேச்சு எழும். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஏற்கெனவே எழுந்திருந்தால் அதற்குக் காரணம் பொறாமைதானா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மகன் பெனால்டி கார்னரிலும் கோல் அடிப்பவனாக இருக்கக்கூடும். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. இருந்தாலும், 'டி'க்குள் தடுப்பவர்கள் விதி மீறினால் தாக்கும் அணிக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் இருக்கும் குறியில் ஒருவன் ஒரு காலையாவது கோட்டுக்கு வெளியே ஊன்றிக் குனிந்து நின்று பந்தைத் தள்ளிவிடுகிறான். பந்து ஒருமுறை வளைவுக்கு வெளியே போன பிறகே கோலுக்கு அடிக்க முடியும் என்பதால், வளைவின் உச்சியில் காத்திருக்கும் இன்னொருவன் அதை மட்டையால் அசையாமல் நிறுத்துகிறான். மூன்றாமவனான டிராக் ஃபிளிக்கர் அதை இழுத்துச் சுழற்றி விடுகிறான். தள்ளியவன் ஒரு சாண் விலகித் தள்ளினாலோ, நிறுத்தியவனின் மட்டையில் பட்டுப் பந்து இரண்டு விரற்கடை துள்ளினாலோ, உலகத்தின் சிறந்த டிராக் ஃபிளிக்கராலும் ஒன்றும் செய்ய இயலாது. எதிர்ப்பக்கத்தில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்களில் முதலில் பாய்ந்து வருபவன் அந்த அடிக்கு நேர் எதிராகத் தன் உடம்பைக் கொண்டுபோகிறான். மறுநாள் செய்தித்தாளில் அச்சாவது ஒரே பெயர். இது ஆட்டத்தின் இயல்பு, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவன் தள்ளியவனையும் நிறுத்தியவனையும் அறிந்திருக்க வேண்டும். அறிந்துகொள்ள நல்ல வழி, சில வாரங்கள் பயிற்சியில் பந்தைத் தள்ளிவிடும் வேலையை அவனுக்கே கொடுப்பது. கோச்சிடம் இதை நீங்களே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

இனி, அவன் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். 'நான் இல்லாட்டி டீமே இல்ல' என்பது தோல்வியின் கொதிப்பில் 15 வயதுப் பையன்கள் சொல்லக்கூடியதுதான். அதை நான் பெரிதுபடுத்த மாட்டேன். 'உங்க ஊருக்குப் போ' என்பது வேறு. அது ஆட்டத்தைப் பற்றிய கோபமே அல்ல, அந்தப் பையன் இங்கே நிற்கவே உரிமையில்லாதவன் என்று சொல்வது. செங்கோட்டையில் இருந்துகொண்டு இதைச் சொன்னதுதான் எனக்கு வியப்பு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரை உங்கள் ஊரும் ஆரியங்காவும் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், திருவிதாங்கூர்க் காலத்துக் கதை ஒன்றிரண்டு இன்னும் கிடைக்கும். புளியரை வழியாகக் கணவாயைத் தாண்டித் தினமும் ஆட வரும் ஒரு பையனுக்கு, வேறு ஊர்க்காரன் என்று நம் பிள்ளை முத்திரை குத்துவது நமக்கு அழகல்ல.

ஃபுட்பால் ஆடப் போ என்றதற்கும் ஒரு பதில் உண்டு, அதை அவனிடம் நீங்களே சொல்லலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் கோல்கீப்பர்களில் ஒருவரான மேனுவல் ஃபிரெடெரிக், கண்ணூர்க்காரர். எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த பி.ஆர்.ஸ்ரீஜேஷ், திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்து கோல்கீப்பரானவர். ஒலிம்பிக் ஹாக்கியில் 41 ஆண்டுகளாகப் பதக்கம் இல்லாமல் இருந்த இந்தியா, டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனிக்கு எதிராக 1–3 என்று பின்தங்கி, பிறகு 5–4 என்று முந்தி நின்றபோது, கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்தவர் அவர். அந்த ஆட்டத்தில் இந்தியா ஐந்து கோல் அடித்தது உண்மைதான், ஆனால் அந்தக் கடைசிப் பந்து உள்ளே போயிருந்தால் ஆட்டம் சமனாகிப் பதக்கம் ஊசலாடியிருக்கும். 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய இளைஞர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் ஸ்ரீஜேஷ்தான். கேரளத்துப் பையனுக்குக் கோலில் என்ன வேலை என்று இனி யாரும் கேட்க முடியாது.

கோல்கீப்பரின் நிலையை ஃபார்வர்டுகள் பலர் கடைசிவரை உணர்வதே இல்லை. ஃபார்வர்டு ஐந்து வாய்ப்புகளை வீணாக்கி ஆறாவதில் கோல் அடித்தால் வீரன். கோல்கீப்பர் ஐந்தைத் தடுத்து ஆறாவதை விட்டால், அந்த ஆறாவதுதான் பலகையில் ஏறும். போதாக்குறைக்கு, டர்ஃப் எனப்படும் செயற்கைப் புல்தரையில் ஓரளவு கணிக்கக்கூடிய பந்து செம்மண் தரையில் ஒரு சிறு கல்லில் பட்டாலே தோளுக்கு எகிறிவிடும். சாரல் மாதங்களில் உங்கள் பக்கத்து மைதானங்களில் பந்து ஒரு இடத்தில் தேங்கி, அடுத்த அடியில் வழுக்கிக்கொண்டு போகும். நனைந்த கால் பேடுகளின் கனம் வேறு. ஒரு மாலைப் பயிற்சியில், கோச்சின் மேற்பார்வையில், ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், கால் பேடு எல்லாம் முறையாக அணிவித்து, உங்கள் மகனை அரை மணி நேரம் கோலில் நிற்க வைக்கச் சொல்லுங்கள். தண்டனையாக வேண்டாம், வரிசையாக எல்லா ஃபார்வர்டுகளும் நிற்கட்டும். நான் பயிற்சி கொடுக்கும் பையன்களிடம் இதைச் செய்வதுண்டு. முடித்து வருகிறவர்கள் அறிவுரை எதுவும் கேட்காமலே கோல்கீப்பரிடம் போய், அந்த உயரப் பந்தை எப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்கத் தொடங்குவார்கள்.

ஆனால் அதற்கு முன் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவனுக்காக நீங்கள் போய்க் கேட்காதீர்கள். அந்தப் பையனின் வீட்டுக்குப் பழத்தட்டோடு போவதும் வேண்டாம். எல்லோர் முன்னிலும் சொன்ன சொல்லை எல்லோர் முன்னிலும்தான் திரும்பப் பெற வேண்டும். பயிற்சி தொடங்கும் முன் அணி கூடி நிற்கும்போது, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, மன்னிச்சிரு" என்று அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். 'தோத்த கோபத்துல' என்று ஒரு சமாதானத்தைச் சேர்த்தால் அது மன்னிப்பாகாது. உடனே அந்தப் பையன் சிரித்துக் கைகொடுக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது, அவனுக்கு நாளாகலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் பணிவு என்றதும், பையனைக் கோச்சின் காலில் விழச் செய்து, 'எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்' என்று சொல்லப் பழக்குவோம். பெரியவர்களை மதிப்பது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோச்சின் காலைத் தொட்டு எழுந்தவுடன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவா என்று ஜூனியர் பையனை அதட்டுகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே, மேலே இருப்பவரிடம் ஒருவன் எப்படி நடக்கிறான் என்பதை வைத்து நான் எதையும் முடிவுசெய்வதில்லை. பயிற்சி முடிந்து கோன்களையும் பந்துகளையும் யார் பொறுக்குகிறார்கள் என்று பாருங்கள். அதில் உங்கள் மகன் இருந்தால் கவலைப்பட அதிகம் இல்லை.

கோச்சைப் பற்றி. அவர் முடிவெடுத்த உரிமையை நான் கேள்வி கேட்க மாட்டேன். எடுத்த விதத்தைக் கேட்பேன். காரணம் சொல்லாமல் ஒரு பையனை வாரக்கணக்கில் வெளியே உட்கார வைத்தால், அவன் தன் தவறைப் பற்றி யோசிக்க மாட்டான், கோச்சுக்கு என்மேல் என்ன கோபம் என்றுதான் யோசிப்பான். எனவே நீங்கள் அவரைச் சந்திக்கலாம். ஆட்ட நாளில் வேண்டாம், மற்றப் பெற்றோர் சூழ நிற்கும்போதும் வேண்டாம். 'ஏன் இறக்கவில்லை' என்று தொடங்காமல், 'என்ன மாறினால் இறக்குவீர்கள்' என்று கேளுங்கள். அந்தப் பதிலைப் பையனுக்கு அவரே சொல்லட்டும்.

அதே நேரம், பெஞ்சில் இருப்பதை அவமானம் என்று வீட்டில் யாரும் பேசாதீர்கள். ஹாக்கியில் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஃபார்வர்டுகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து மூச்சு வாங்கி மீண்டும் இறங்குவது இன்றைய ஆட்டமுறை. டோக்கியோ அணிக்கு முதலில் ரிசர்வாக மட்டும் தேர்வானவர் சிம்ரன்ஜீத் சிங். கொரோனா காலத்தில் விதி தளர்த்தப்பட்டதால் ரிசர்வ் ஆட்டக்காரர்களும் களமிறங்கும் வாய்ப்பு வந்தது. ஜெர்மனிக்கு எதிரான அந்த வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அவர் அடித்தவை இரண்டு கோல்கள். அதே போல, 2016 ரியோவில் அணித்தலைவராக இருந்த ஸ்ரீஜேஷ், டோக்கியோவில் மன்பிரீத் சிங்கின் தலைமையில் ஆடினார். 2024 பாரிஸில் அவர்கள் இருவருமே ஹர்மன்பிரீத் சிங்கின் தலைமையில் ஆடி இன்னொரு வெண்கலம் வாங்கினார்கள். தலைமைப் பதவி கைமாறியதும் ஆட்டம் சுணங்கியிருந்தால் அந்தப் பதக்கங்கள் வந்திருக்காது.

பாரிஸில் நடந்த இன்னொன்றையும் உங்கள் மகனோடு உட்கார்ந்து பாருங்கள். பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மீதி இருந்த 43 நிமிடங்களை இந்தியா பத்துப் பேரோடு ஆடியது. கோல் அடிக்க வேண்டிய ஃபார்வர்டுகள் தங்கள் 'டி' வரை இறங்கி வந்து தடுத்தார்கள். 1–1 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் 4–2 என்று வென்றார்கள். வீடியோவில் கோல்களைத் தள்ளிவிட்டு, மூன்றாம் கால் பகுதியில் ஃபார்வர்டுகள் எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு உண்டு. நீங்கள் எழுதவில்லையானாலும், மகன் அடித்த கோல்களை மட்டும் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் வழக்கம் இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக, சற்று உயரமான இடத்தில் நின்று ஆட்டம் முழுவதையும் பதிவுசெய்து கோச்சிடம் கொடுங்கள். பள்ளி அணிகளுக்கு இதைவிட உதவியான காணிக்கை கிடையாது. பையன் அந்தப் பதிவில் தன் கோலைப் பத்து நொடி பின்னால் ஓட்டிப் பார்த்தால், பந்து எங்கிருந்து கிளம்பியது, யார் யார் கைமாறி வந்தது என்பது தானே தெரியும். கோட்டோரம் நின்று மகன் பெயரைச் சொல்லிக் கத்தாமல் இருப்பதும் ஒரு பெரிய உதவி. அப்பாவின் குரல் கேட்டதும் பாஸ் கொடுக்க வேண்டிய பந்தைத் தானே ஓட்டிக்கொண்டு போகிற பையன்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள்.

கேரளத்துக்கு மாற்றுவது பற்றி என் கருத்து: இப்போது வேண்டாம். இந்தப் பருவம் முடியட்டும். மன்னிப்புக் கேட்டு, கோச் சொன்ன மாற்றங்களைச் செய்து காட்டிய பிறகும் அவர் காரணமில்லாமல் ஒதுக்கினால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளின் தேர்வை முதலில் பாருங்கள். டர்ஃபில் ஆடிப் பழக உங்களுக்குக் கோவில்பட்டி இருக்கிறது. கொல்லத்திலும் டர்ஃப் மைதானம் உண்டு, ரயிலும் இருக்கிறது. ஆனால் வேறு மாநிலத்துப் பள்ளியில் சேர்வதென்றால் சேர்க்கை விதி, பாடமொழி, எந்த மாநிலத்துக்காக அவன் ஆடலாம் என்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் இங்கே மாற்றுச் சான்றிதழ் கேட்காதீர்கள். எங்கே போனாலும், விண்ணப்பம் வந்த அன்றே அந்த ஊர்க் கோச் உங்கள் ஊர்க் கோச்சுக்குப் போன் போட்டு, பையன் எப்படி என்று விசாரிப்பார். ஹாக்கி வட்டாரம் சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கோல் எண்ணிக்கையை அவர் விண்ணப்பத்திலேயே பார்த்துக்கொள்வார். போனில் விசாரிப்பது மற்றதைத்தான்.